கூடை மணி

என் கணவர் அனியெல்லோவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியபோது நான் பால்கனியில் தக்காளி அரிந்துகொண்டிருந்தேன்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவருக்குப் போன கோடையிலும் இப்படி வந்தது. டாக்டர் ஊசி போட்டதும் பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை அரை மணி நேரத்துக்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

கூப்பிட எனக்குக் குரல் இல்லை. வீட்டில் தொலைபேசி உண்டு. அதற்கும் குரல் வேண்டும்.

குரல்வளை உடைந்து பதினொரு வருடம். இடுப்பெலும்பு உடைந்து நான்கு வருடம். அதன் பிறகு நான் மாடி இறங்கியதில்லை. இரண்டு முறையும் அனியெல்லோ ஆஸ்பத்திரியில் ஒன்றையே சொன்னார்: படியில் விழுந்துவிட்டாள்.

எங்கள் மேட்டில் தெருவே படிகள்தான். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

எனக்கு மிச்சமிருந்தது கூடை.

மற்றப் பெண்கள் பால்கனியிலிருந்து ஒரு கத்துக் கத்திவிட்டுக் கயிற்றில் கூடையை இறக்குவார்கள். எனக்காக, கீழே காய்கறிக் கடை வைத்திருக்கும் தித்தீனா, கூடையின் பிடியில் ஓர் ஆட்டு மணியைக் கட்டித் தந்திருந்தாள். மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வருவாள். சீட்டில் ரொட்டி என்றால் ரொட்டி, மாத்திரை என்றால் மாத்திரை, கூடையில் ஏறி வரும்.

சீட்டை எழுதினேன். 'அனியெல்லோவுக்கு மூச்சு நிற்கிறது. டாக்டரைக் கூப்பிடு.' பள்ளிக்கூடத்து இத்தாலியனில் அல்ல, எங்கள் தெருப்பேச்சில், எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி.

"கையெழுத்து அழகா வரணுமோ? சீக்கிரம் எழுதித் தொலை, ஊமைக் கழுதை."

மூச்சே இல்லாதபோதும் அதைச் சொல்ல அவரிடம் மூச்சு இருந்தது.

கீழே ஒரு வெளிநாட்டுக்காரி படியேறி வந்துகொண்டிருந்தாள். தனியாக. முதுகில் மூட்டை, கழுத்தில் கேமரா, கையில் ஒரு சின்ன அகராதி. காய்கிற துணிகளைப் படம் எடுத்தாள். சுவர் மாடத்து மாதாவை எடுத்தாள். மூன்று கால் பூனையை இரண்டு முறை எடுத்தாள். கடை வாசலில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, இதுக்கே நாக்குத் தள்ளுதா? இன்னும் நூத்தி நாப்பது படி கெடக்கு. மேல போனாலும் இதே கடல்தான், வேற ஒண்ணும் இல்ல," என்றாள் தித்தீனா.

அவள் புரியாமல் சிரித்தாள். தித்தீனா அவள் கையில் ஒரு பீச் பழத்தைத் திணித்துவிட்டுக் கடைக்குள் போனாள்.

கூடையை இறக்கினேன்.

அது வெளிநாட்டுக்காரியின் முகத்துக்கு நேராகப் போய் நின்றது. அவள் அண்ணாந்து பார்த்தாள். எனக்கா என்று கேட்பதுபோல நெஞ்சில் கை வைத்தாள்.

நான் கையை உயர்த்தினேன். பேச முடியாதவளின் கையசைப்பை யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டை எடுத்தாள். விரித்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை நாலாக மடித்துத் தன் குறிப்பேட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

"எடுத்துட்டாளா?" என்றார் அனியெல்லோ, என் முதுகுக்குப் பின்னால்.

தலையாட்டினேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டார்.

அவள் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அவசரப்படவில்லை.

கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். நானும் அவசரப்படவில்லை.

தாளைக் கூடையில் போட்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் பீச் பழத்தை வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டு, மிச்சப் படிகளில் ஏறிப் போனாள்.

கூடையை இழுத்தேன்.

'நான் தனியாகப் பயணம் செய்கிறேன். மார்செய், ஜெனோவா, இப்போது நேப்பிள்ஸ். எல்லா ஊரிலும் படி, எல்லாப் படியின் முடிவிலும் கடல். எங்கேயும் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இங்கே வானத்திலிருந்து கடிதம் வருகிறது. இந்த ஊரில் யாரையும் தனியாக விடமாட்டீர்கள்.'

அவருக்கு அதைப் படித்துக் காட்ட என்னிடம் குரல் இல்லை. தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

முதல் வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார். இரண்டாவது வரிக்கு வரவில்லை.

பீச் பழத்தைக் கழுவித் தின்றேன். நன்றாகப் பழுத்திருந்தது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு இரண்டாவது சீட்டோடு கூடையை இறக்கினேன். மணி கணகணவென்று ஒலித்தது. தித்தீனா இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்தாள்.

நடந்ததை எழுதிக் காட்டினேன். வெளிநாட்டுக்காரியின் தாளையும் காட்டினேன். தித்தீனா அதைப் பால்கனியில் நின்று தெருவுக்கே சத்தம் போட்டுப் படித்தாள்.

"நாசமாப் போறவ! மனுசன் உசுருக்குப் போராடுறான், இவ அந்தச் சீட்டை ஊரு பாத்ததுக்கு அடையாளம்னு பையில போட்டுட்டுப் போயிருக்கா!"

எதிர்ப் பால்கனிகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு பேர் அவளைப் பிடிக்க உச்சிப் படிவரை ஓடினார்கள். அங்கே கடல்தான் இருந்தது.

சாபமெல்லாம் ஓய்ந்த பிறகு தித்தீனா என் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உள்ளதானேக்கா இருந்தேன். மணி எனக்குக் கேக்கவே இல்லையே. இந்தக் காதை அறுத்துப் போடணும்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இன்னொரு கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. முதல் சீட்டை எழுதுமுன் மணியின் நாக்கில் சுற்றிய பஞ்சு, விரல்களுக்கு நடுவே மெத்தென்று இருந்தது.