பதினேழாம் எண் செல்

அறுபத்திரண்டாவது இடத்தையும் முடித்தபோது சுந்தரம்மாளின் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசி, மனுசரையும் சேர்த்து உறைய வைத்தது. ஜன்னலுக்கு வெளியே அவனியாபுரம் ரோடு சித்திரை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது.

சிப் வரைபடத்தை யாரும் முழுசாகப் புதிதாய் வரைவதில்லை. முன்பே வரைந்துவைத்த சின்னச் சின்னக் கட்டங்களை எடுத்து அடுக்குவார்கள். அந்தக் கட்டத்துக்குப் பெயர் செல்.

பதினேழாம் எண் செல் சூடேறிக் கருகுகிறது என்று போன வாரம்தான் தெரிந்தது. வாங்கியவர்கள் சிப்புகளைப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கே அது விலக்குப் பட்டியலில் ஏறியது. இனி யாரும் அதை எடுத்து வைக்கக் கூடாது.

அன்றைக்கே சின்னச்சாமிக்கு வேலை போனது.

யார் வரைந்தது என்று மேனேஜர் கண்ணுச்சாமி கேட்டதும், “நான்தான் சார்” என்று அவன் எழுந்து நின்றான். சாயங்காலம் ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டான். டிப்ளமோ படித்தவன் இப்போது அப்பாவின் மாடுகளை ஓட்டிக்கொண்டு அலைகிறானாம்.

அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

அடுத்து அனுப்ப வேண்டிய சிப்பில் அந்தச் செல் அறுபத்து மூன்று இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மாற்றுச் செல்லை வைப்பது சுந்தரம்மாளின் வேலை. மூன்று நாளாக வந்தாள், எடுத்தாள், வைத்தாள், வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அழுகைகூட வரவில்லை.

கடைசி இடத்தில் மாற்றுச் செல் பொருந்தவில்லை. அகலம் கூடுதல். எப்படி நகர்த்தினாலும் பக்கத்துக் கம்பியில் இடித்தது.

பழையதையே விட்டுவைக்க வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். படிவத்தை எடுத்தாள்.

என்ன காரணம்? இந்த இடத்தில் ஓடும் மின்சாரம் சொற்பம், சூடேறாது என்று எழுதினாள்.

செல்லை வரைந்தவர் பெயர்?

பேனா நெடுநேரம் நின்றது. பிறகு எழுதினாள்.

கண்ணுச்சாமி காரணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“அவன் செஞ்சு வச்ச கூத்துக்கு நீ கெடந்து அம்புட்டுப் பாடு படுறியேம்மா.”

அவள் நகரவில்லை.

“கடேசி வரியையும் வாசிச்சிருங்க சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சுந்தரம்மாள் என்று இருந்தது.

யார் வரைந்தது என்று அவர் கேட்ட அன்றைக்கு, அவளுக்கு வேலை நிரந்தரமாகப் பத்து நாள்தான் பாக்கி. சின்னச்சாமி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து நின்றபோது, அவள் சீவி முடித்த பென்சிலையே மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள்.