பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்தநாள்

மதிய வெயில் வகுப்பறையின் பாதி மேசைகளில் விழுந்திருக்கிறது. ஆங்கிலம் கற்க வரும் டாக்சி ஓட்டுநர் கேக்கில் மெழுகுவர்த்திகளைச் செருக, பக்கத்து மேசை நர்ஸ் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். கற்றுக்கொடுக்க ஊர்விட்டு வந்த டீச்சர் மார்க்கரின் மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள். பிறந்தநாள் அவளுக்குத்தான், ஆனால் இன்றைக்கு இல்லை. பள்ளியில் சேர்க்கப் போன அவசரத்தில் அப்பா வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவைக்க, அது சான்றிதழில் ஏறி, பாஸ்போர்ட்டில் ஏறி, கடல் தாண்டி இங்கே நோட்டீஸ் போர்டு வரைக்கும் வந்துவிட்டது. அசல் நாள் போன மாதம். அன்று போனை இரண்டு தடவை சார்ஜ் போட்டுக் காத்திருந்தாள். வீட்டிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. இதை இவர்களிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? ஆளுக்கொரு சுருதியில் பாடுகிறார்கள். மெழுகு உருகிக் கேக்கில் சொட்டுகிறது. அவள் கால் மாற்றி நிற்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள். மேசையில் கிடக்கும் போன் அதிர்ந்து நகர்கிறது. வாரா வாரம் வகுப்பு முடியும் இந்த நேரத்துக்கு வரும் அப்பாவின் அழைப்பு.

“என்னம்மா அங்க ஒரே சத்தம்?”

“எனக்குப் பிறந்தநாளாம்ப்பா. நீங்க ஸ்கூல்ல எழுதிக் கொடுத்தது.”

அப்பா சிரிக்கவில்லை. “நிஜப் பிறந்தநாள் அன்னைக்கு நீ கிளாஸ்ல இருப்பேன்னு நான் கூப்பிடல. நீயே கூப்பிடுவேன்னு அன்னைக்குப் பூரா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேம்மா.”

ஊதச் சொல்லி டாக்சி ஓட்டுநர் கன்னத்தை உப்பிக் காட்டுகிறார். டீச்சர் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள்.