அடிக்கோடு இல்லாத வரி

பாரமட்டா அலுவலகத்தில், ஜன்னல் மறைப்பின் இடுக்குகளில் நுழைந்த வெயில் மேசைமேல் கோடுகோடாகக் கிடக்கிறது. சுவர்த் திரையின் கறுப்பில் எழுத்து வரிகள் ஏறிக்கொண்டே போகின்றன. சரியாக ஓடியவை பச்சை, தவறியவை சிவப்பு. ஹம்சா எழுதிய புரோகிராம் அது. "மூணு வாரமா நானே உட்கார்ந்து எழுதினேன்" என்று மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான் பிரதீப்குமார். பச்சைக்கும் சிவப்புக்கும் அவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவனுக்கு அந்தக் குறை இருப்பது இந்த அலுவலகத்தில் ஹம்சா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்காகவே, தவறிய வரிகளுக்கு அடியில் ஒரு கோடு விழும்படி செய்திருந்தாள். கோடு எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அதை எடுத்துவிட்டிருக்கிறான். புரோகிராமின் முதல் வரியில் இருந்த அவள் பெயரையும்தான். ஏசி முனகுகிறது. கடைசி வரி சிவப்பாக வந்து நிற்கிறது. மேலாளரின் மூக்குக்கண்ணாடியில் அது சின்னக் கீறலாகத் தெரிகிறது. பிரதீப்குமார் வழக்கம்போல, பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவள் காதருகே குனிகிறான். "எல்லாம் பச்சைதானே, ஹம்சா?" மூச்சில் ஏலக்காய் மணக்கிறது. அவள் பேனாவை மூடுகிறாள். "ஆமா." அவன் நிமிர்ந்து, சிரித்தபடி, அறை முழுவதற்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான்.