உபசாரப் பொய்

ஜெர்மனியில் அகதி விசாரணையை இயந்திரமே நடத்தியது. உண்மைக்குப் பச்சை விளக்கு, பொய்க்குச் சிவப்பு. தனியாக வந்து சேர்ந்த நிரூசன், அண்ணன் காணாமல்போனதையும் காட்டுவழியே நடந்ததையும் சொன்னான். எல்லாம் பச்சை.

"சாப்பிட்டீரோ தம்பி?" என்று இயந்திரம் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டது.

"ஓம், வயிறு நிறைய."

சிவப்பு.

"பாண் தரட்டோ?" மேசையில் வெட்டிய ரொட்டித் துண்டுகள் இருந்தன.

"வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல்."

மறுபடியும் சிவப்பு.

"இன்னொரு பொய் சொன்னா ஊருக்கு அனுப்பிப்போடுவன். பாண் வேணுமோ?"

போன இடத்தில் வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை அவன். வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"வேணும். ஒரு துண்டு போதும்."

விளக்கு மெல்லச் சிவக்கத் தொடங்கியது.

"இல்லை, நாலு," என்றான் அவசரமாக.