கூடுதலாய் ஒரு பூஜ்யம்

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்த குடோன் அண்ணன், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படி இறங்கிப் போனார். எப்போதும் சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேனாவைக் காணோம். ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு, பேனாவை மேனேஜர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ரோஷக்காரர்ம்மா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதிக் குடுத்துட்டார்" என்றார் பக்கத்து மேசை கேஷியர்.

அந்த மனிதரின் வேலைக்கு உலை வைத்தது தன்னுடைய சுண்டுவிரல் என்பது அந்த ஆபீசில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மின்விசிறியும் இஸ்திரிப்பெட்டியும் மொத்தமாக விற்கிற கம்பெனி. மூன்று குடோன்கள். எல்லாக் கணக்கையும் படமாகக் காட்டும் டாஷ்போர்டு செய்து தரத்தான் அவளைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். இணையத்தில் பாடம் கேட்டு, தட்டுத் தடுமாறிப் பழகியவளுக்கு 'ரிப்போர்ட்டம்மா' என்று பட்டம் வைத்துச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் குடோன் அண்ணன்தான். அடிக்கடி மாடிக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதில் என்னென்னவெல்லாம் தெரியும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

அவருடைய கணக்கும் அவரைப் போலவே அடக்கமானது. உடைந்து வீணான பெட்டிகள் மற்ற இரண்டு குடோன்களில் ஒரு மாதம் மூன்று இருக்கும், அடுத்த மாதம் பதினொன்றுக்குத் தாவும். அவருடைய குடோனில் மாதம் தவறாமல் ஆறு. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது மாதிரி திரையில் நேராக ஓடும்.

அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாள். சேதம் எல்லை மீறினால் திரையில் அந்தக் குடோனின் பட்டை சிவப்பாக மாற வேண்டும். மாறுகிறதா என்று பார்க்க, பழகுவதற்காக வைத்திருந்த ஒத்திகைத் தாளில், அவருடைய ஆறுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தைத் தட்டினாள். பட்டை விருட்டென்று எழும்பிச் சிவந்தது. அண்ணன் கோவித்துக்கொள்ள மாட்டார் என்று சிரித்துக்கொண்டாள்.

அந்தப் பூரிப்பிலேயே நேற்று மாலை டாஷ்போர்டை மேனேஜருக்கு அனுப்பிவிட்டாள். நிஜத் தாளை இணைப்பதாக நினைத்து ஒத்திகைத் தாளை இணைத்திருந்தது, இன்று காலை மேனேஜர் குடோன் அண்ணனை வரச்சொன்ன பிறகுதான் உறைத்தது. சிவப்பு வந்தால் ஆளை மாற்று என்பது மேனேஜரின் வேதம். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆள் இல்லை.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தபோது மேனேஜரே அவள் மேசைக்கு வந்தார். சிரித்த முகமாக வந்தார்.

"பிரமாதம்மா. உங்க வேலை நிரந்தரம். கடிதம் நாளைக்குக் கைக்கு வரும்."

உண்மை தொண்டை வரை வந்தது. ஆறு மாதமாக வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவனின் முகமும் கூடவே வந்தது. வாயைத் திறந்தாள். "தேங்க்ஸ் சார்" என்பதுதான் வெளியே விழுந்தது.

அவர் போன பிறகு அந்த இரண்டு வார்த்தையும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திரையைப் பார்த்தால் சிவப்பு. கண்ணை மூடினாலும் சிவப்பு. தின்ற சோறு உடம்பில் ஒட்ட வேண்டாமா? நிரந்தரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து விடுவிடுவென்று படி இறங்கினாள். முதலில் அவர் காலில் விழுவது, பிறகு அவரையே கையோடு மேலே கூட்டிப்போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது.

குடோனில் அண்ணன் ஒரு காலி அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டம்ளர், மாற்றுச் சட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு. பாரம் இறக்குகிறவர்கள் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஓரமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, வாங்க, மேல போலாம். தப்பெல்லாம் என்னோடதுண்ணே."

"உன்மேல என்னம்மா தப்பு? நீ உன் வேலையைப் பார்த்த." அவர் தலை நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இல்லண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தச் சிவப்பு..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பாரம் இறக்குகிறவர்களை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். அவர்கள் வாசல் தாண்டும் வரை காத்திருந்து, பாதி ஷட்டரை இழுத்துவிட்டு அவள் அருகில் வந்தார். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாசம் ஆறு பெட்டிக்கு மேல நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதே இல்லையே தங்கச்சி, நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"