கல்யாணக் கம்பளம்

மகளின் பொம்மை மண்வெட்டியை வைத்துக்கொண்டு மிர்வா முற்றத்துப் பனிக்குவியலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. யாரும் பார்க்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு. எங்கள் கட்டடத்தில் இருபத்து நான்கு சமையலறை ஜன்னல்களும் அந்த முற்றத்தைப் பார்த்தபடிதான் இருக்கின்றன.

மேல்வீட்டு ராய்லிக்குப் பொறுக்கவில்லை. பாதிகூட நிரம்பாத குப்பைப் பையைச் சாக்காக எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

"என்னடி, கல்யாண மோதிரத்தைத் தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா. வெந்லாவோட கையுறை."

"ஒத்தைக் கையுறைக்கா கிணறு வெட்டுறே? அதுவும் மூணு வாரமா?"

மிர்வாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ராய்லி குப்பைப் பையைக் கீழே வைத்தாள். விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.

தொலைந்தது கம்பளம். மிர்வாவின் கல்யாணத்துக்கு மாமியார் ஹெல்வி கொடுத்தது. ஹெல்வியின் அம்மா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து முடிச்சு முடிச்சாகப் போட்டது. கால் விரல் புதையும் அளவுக்குக் கம்பளி இழை, கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது.

நாலு வயது வெந்லா பகலெல்லாம் அதன்மேல் படுத்து விளையாடுவாள், ராத்திரியெல்லாம் இருமுவாள். மிர்வா கடையிலிருந்து வாசனை நுரை வாங்கிவந்து கொட்டித் தேய்த்தாள். அடி ஈரம் காயாமல் நாற்றமெடுத்ததுதான் மிச்சம். இருமலோடு இழுப்பும் சேர்ந்துகொண்டது.

"அந்த நுரையைத் தூக்கிப் போடு" என்றாள் குழந்தைகள் மருத்துவமனை நர்ஸ். "இழைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். நல்லா உறையுற நாளாப் பார்த்து, காஞ்ச பனிமேல கவுத்துப் போட்டு அடி. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் குளிர்லயே கிடக்கட்டும்."

மைனஸ் பதினெட்டு இருந்த ஒரு சனிக்கிழமை மிர்வா அப்படியே செய்தாள். அவள் அடித்த அடியில் வெள்ளைப் பனி சாம்பல் நிறமானது. சாயங்காலம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஆறு மணிக்குக் கட்டடத்துப் பொது நீராவி அறையான சௌனாவில் அவர்களுடைய முறை. வேர்க்க வேர்க்க உட்கார்ந்துவிட்டு வந்த குடும்பம், படுத்ததும் கட்டையாகத் தூங்கிவிட்டது.

அன்று ராத்திரி முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியது. விடிவதற்குள் பனி வழிக்கும் வண்டி வந்து முற்றத்தைச் சுத்தமாக வழித்தது. கொஞ்சத்தை மூலையில் குவித்துவிட்டு, மிச்சத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"உன் மாமியார்கிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிக்கா சொல்வேன்? அவங்கம்மா கையால போட்டது. சௌனால உக்காந்து மறந்துட்டேன்னு சொல்லவா?"

"வாராவாரம் காபிக்கு வர்றாங்களே, கண்ணுல படாமலா இருக்கும்?"

"அவங்க எங்கக்கா உள்ள வர்றாங்க! ஆறு வருஷமா சமையலறை ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து குடிச்சிட்டுப் போயிடறாங்க. கூடத்துல ஒரு நாள் கால் வச்சதில்ல. என் வீடுன்னா அவங்களுக்கு அவ்வளவு இளக்காரம்."

ராய்லி 'உச்' கொட்டினாள். மிர்வா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொன்னா திட்டாதீங்கக்கா. அது போனதுலேருந்து குழந்தை இருமவே இல்ல. கிடைக்கணும்னுதான் தோண்டுறேன். கிடைக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிறேன். நான் என்ன மனுஷி, சொல்லுங்க?"

ஒரு மணிக்கு ஹெல்வி வந்தாள், கையில் ஏலக்காய் பன் பொட்டலத்தோடு. வாசலிலேயே வழக்கமான கேள்வி.

"குழந்தை இருமுறாளா?"

நீ வீடு வைத்திருக்கிற லட்சணம் என்று மிர்வாவின் காதில் விழும் கேள்வி அது.

"இல்ல அத்தை."

"ஒரு தடவைகூடவா?"

"மூணு வாரமா இல்ல."

ஹெல்வி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதற்குள் வெந்லா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, நான் கோபுரம் கட்டியிருக்கேன். வந்து பாரு!"

"பாட்டியை விடு வெந்லா! காபி ஆறுது!"

யார் கேட்டார்கள்? பாட்டியும் பேத்தியும் கூடத்துக்குள் போய்விட்டார்கள். வெறும் பலகைத் தரையில் நான்கு கால்களின் சத்தம் டக்டக்கென்று கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

மிர்வா காபிக் கெண்டியோடு வாசற்படியில் நின்றாள்.

"அத்தை, மன்னிச்சிருங்க. பனியில அடிச்சுப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். வண்டி வாரிட்டுப் போயிடுச்சு. மூணு வாரமா உங்ககிட்ட வாயைத் திறக்காம மறைச்சுட்டேன். உங்கம்மாவோட ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதான்னு தெரியும். என்ன வேணா திட்டுங்க."

ஹெல்வி திட்டவில்லை. மெல்லப் போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். ஆசிரியையிடம் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல அவள் முகம் சிவந்துவிட்டது. மருமகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், கோபுரம் அடுக்கும் குழந்தையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு இழுப்பு வருதுன்னுதாம்மா அதை உன் தலையில கட்டினேன்."