துருவி

அந்தப் பயிற்சியாளனுக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் துருவி. முப்பது வயதைத் தாண்டாதவன். தொட்டிக்குள் ஆளை இறக்கிவிட்டு, வாசலில் நின்றுகொண்டு துருவித் துருவிக் குடும்பக் கதை கேட்பான்.

இன்றைக்குத் தையல்காரம்மாவின் முறை.

ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் போனதால், நாற்பத்தெட்டு வயதில் ஒயின் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள். முதல் மாதம் திராட்சைக் கொடிக்குக் கவாத்து. கத்தரிக்கோல் பழகிய கை அல்லவா, வகுப்பிலேயே அவள் வெட்டுதான் சுத்தம். இது இரண்டாம் மாதம், ஒயின் தயாரிப்பு. இதைத் தாண்டினால் விற்பனைப் பாடம். கடைத்தெரு ஒயின் கடையில் அவளுக்கென்று ஒரு வேலைகூடச் சொல்லி வைத்தாகிவிட்டது. ஆனால் தொட்டி கழுவாதவருக்குச் சான்றிதழ் கிடையாது.

தொட்டி இரண்டாள் உயரம். உள்ளே போக, குனிந்து நுழையும் கதவு ஒன்றே ஒன்று. ஒயினை வடித்தபின் முழங்கால் அளவுக்குத் திராட்சைச் சக்கை தங்கும். புளிக்கும்போது கிளம்பிய கரியமில வாயு அந்தச் சக்கைக்குள் பதுங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆள் தூங்குவதுபோல் சாய்ந்துவிடுவார் என்று பாடத்தில் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தொட்டிப் பக்கம் போகவே பயம்.

மின்விசிறி ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. காற்றை அளக்கும் கருவி பச்சை காட்டியது. இடுப்பில் கயிறும் கட்டியாயிற்று. பயம்தான் இடத்தைவிட்டு நகரவில்லை.

"வாயுகூடப் பரவாயில்லம்மா. அவன் வாய்தான்..." என்றார் உடன் படிக்கும் முன்னாள் பஸ் டிரைவர். நேற்று அவருடைய முறை. மகள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுக் கேட்டு மனுஷனை அழவைத்துவிட்டானாம்.

உள்ளே இருட்டு. மண்வெட்டியால் சக்கையை வாரி வாசல் பக்கம் தள்ளினாள். தன் மூச்சே, யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல் கேட்டது.

"மேடம், வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"இல்லை."

"இல்லைன்னா? இறந்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா?"

மண்வெட்டி நின்றது. "விட்டுட்டுத்தான் போனார்."

"எதுக்கு மேடம்? உங்ககிட்ட என்ன பிடிக்கலையாம்?"

உச்சந்தலை வரைக்கும் சுட்டது. பெற்ற தாயே கேட்காத கேள்வி. செத்தாலும் இவனுக்கு இனிப் பதில் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். மேலாளருக்குக் கொடுக்க வேண்டிய புகாரை மனத்துக்குள் எழுதத் தொடங்கினாள்.

"மேடம்?"

நின்றாள்.

"மேடம், பதில் சொல்லுங்க."

சொல்லவில்லை.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. சக்கையில் குப்புற விழுந்தாள். கத்துவதற்குள் வாயெல்லாம் திராட்சைத் தோல். கதவு விளிம்பு விலாவில் இடிக்க, யாரோ அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். கண் திறந்தபோது ஈரத் தரையில் கிடந்தாள். துருவி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கையை எடுடா."

எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள். தனக்கு மயக்கமும் இல்லை மண்ணும் இல்லை, வேண்டுமென்றேதான் வாயைத் திறக்கவில்லை என்றாள். இன்றைக்கே புகார் போகும் என்றாள். தானும் கையெழுத்துப் போடுவதாக டிரைவர் முன்னால் வந்தார்.

துருவி தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கயிற்றை விடச் சொல்லியும் அவன் விரல்கள் விடவில்லை.

"பேச்சு வந்தாத்தான் மேடம், உள்ள இருக்கிறவங்க நினைவோட இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். இதுக்குத்தான் கேக்கறேன்னு முன்னாடியே சொல்லிட்டா, பதிலைத் தயார் பண்ணிட்டு இறங்கிடுவாங்க."

"அதுக்கு ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லலாமே தம்பி?" என்றார் டிரைவர். "அடுத்தவங்க புண்ணைக் கிளறணுமா?"

"எங்க அக்கா தொட்டிக்குள்ள இறங்கினப்போ எண்ணத்தான் சார் சொன்னேன்" என்றான் அவன். "நாற்பத்தொண்ணு வரைக்கும் சரியா வந்தா. அப்புறம் முப்பதுன்னா, திரும்பவும் முப்பதுன்னா. விளையாடுறான்னு நினைச்சு, நான் வாசல்ல நின்னு சிரிச்சிட்டிருந்தேன்."